மாடிப்படி விளக்கு எரிந்தால் கூட்டம் உண்டு

செப்டம்பர் 3, புதன் இரவு

அக்கா,

இதைக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவிழ்த்துப் போட்ட வாளிதான் நாற்காலி. என் அறையில் விளக்கு எரிந்தால் கதவிடுக்கு வழியாகக் கூடத்தில் வெளிச்சம் விழும். அப்பா அங்கேதான் படுத்திருக்கிறார். குளியலறை விளக்கை யாரும் கேள்வி கேட்பதில்லை. அம்மா மட்டும் ஒருமுறை கதவைத் தட்டி வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நாளைக்கு எனக்குப் பத்தியச் சாப்பாடு நிச்சயம்.

நீ போனதிலிருந்து இந்த வீட்டில் உன்னைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு கைபேசிகளிலும் உன் எண்ணை அப்பா எடுத்துவிட்டார். உன் முகவரி அம்மாவின் சமையலறை அலமாரியில், தாளுக்கு அடியில் இருந்தது. அவள் வைத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பா இப்போது காலையிலும் குடிக்கிறார். நீ இருந்தபோது ராத்திரி மட்டும்தான், ஞாபகம் இருக்கிறதா? இப்போது அம்மா ரொட்டி ஆலைக்கு விடியுமுன் கிளம்பிவிடுகிறாள். அதன் பிறகு அவர் எழுந்து தேநீர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு ஜன்னல் ஓரம் நிற்கிறார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால், சூடாக இருப்பதுபோல் ஊதி ஊதிக் குடிக்கிறார். எனக்காகத்தான் ஊதுகிறார் அக்கா. அதைப் பார்ப்பதுதான் மிகவும் கஷ்டம்.

அதன் பிறகு வேனை எடுக்கிறார். பள்ளி வேன். உள்ளே பதினாறு பிள்ளைகள், முன்னிருக்கையில் நான். திங்கட்கிழமை தண்ணீர்த் தொட்டி வளைவில் நின்றிருந்த லாரியை உரசிவிட்டோம். பக்கக் கண்ணாடி மடங்கி ஜன்னலில் அடித்தது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், முன்பல் இரண்டும் விழுந்தவள், ஓட்டைப்பல் என்று கூப்பிடுவோம். அவள், "மாமா, இன்னொரு தடவை!" என்று கை தட்டினாள். அப்பாவும் சிரித்தார். அவர் கை ஸ்டியரிங்கில் ஆடிக்கொண்டிருந்தது. நான் சிரிக்கவில்லை. என் கால் கீழே தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தது, அங்கே ஏதோ பிரேக் இருப்பதுபோல. தினமும் இறங்கும்போது கெண்டைக்கால் வலிக்கிறது.

மருந்துக்கடைச் சுவரில் ஒரு காகிதம் பார்த்தேன். குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டமாம். எந்த இடம், எந்த எண் என்ற பகுதியை யாரோ கிழித்திருந்தார்கள். நீ மருத்துவமனையில் வேலை பார்க்கிறாய். பல் மருத்துவமனைதான், இருந்தாலும் யாருக்காவது தெரிந்திருக்கும். கேட்டுச் சொல்.

ஒன்றே ஒன்று. போன முறை செய்ததைப்போல் அத்தை, மாமா எல்லாரையும் கூட்டி வந்து கூடத்தில் உட்காரவைக்காதே. அன்றைக்கு எல்லார் முன்னாலும் அழுது சத்தியம் செய்தாரே, அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. உன்மேல் உள்ள கோபம் மட்டும் நின்றுவிட்டது.

பதிலைச் சலவைக் கடை முகவரிக்கு எழுது. கடைக்கார அண்ணன் என் சீருடை மடிப்புக்குள் வைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். காதல் கடிதமா என்று கேட்டார். அக்கா கடிதம் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க என்றார்.

தங்கை


செப்டம்பர் 7, ஞாயிறு

வாலு,

உன் கடிதத்தை வரவேற்பு மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். எதிரில் கன்னம் வீங்கிய ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். நான் அழுததைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் பல்வலியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாம் இருவரும் நன்றாகத்தான் பொய் சொல்லப் பழகியிருக்கிறோம்.

முதலில் திட்டிவிடுகிறேன். பதினாறு குழந்தைகள். நீ பதினேழாவது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பள்ளி அலுவலகத்தில் போய்ச் சொல். உனக்குப் பயமாக இருந்தால் நான் தொலைபேசியில் சொல்கிறேன். அவர் வேலை போகும். போகட்டும். ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் எந்தக் கூட்டம் வந்து என்ன செய்யும்?

நீ அவருக்குப் பயப்படுகிறாயா, அவருக்காகப் பயப்படுகிறாயா? அந்த வீட்டில் இருந்தவரை எனக்கே இது பிரித்துத் தெரிந்ததில்லை.

கூட்டத்தை நான் கேலி செய்யவில்லை. உறவுக்காரர்களைக் கூட்டினால் திருந்துவார் என்று நம்பியவள்தான் நானும். எங்கள் மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறவர் ஒருவர். எப்போது பார்த்தாலும் பெப்பர்மின்ட் மென்றுகொண்டிருப்பார். அவரிடம் பட்டும் படாமலும் கேட்டேன். மூன்று மாடி ஏறும்வரை பேசவில்லை. நான்காவது மாடியில், "கேக்கறது உனக்கா, வீட்டுல யாருக்குமா?" என்றார். அப்பாவுக்கு என்றேன். கதவைத் திறக்காமல் மறுபடி கீழே இறக்கினார், மறுபடி மேலே ஏற்றினார். இரண்டு சுற்றில் எல்லாம் சொன்னார். அவரே அப்படி ஒரு கூட்டத்துக்குப் போகிறவர். உங்கள் ஊரிலும் இருக்குமாம். இதோடு தனித்தாளில் எழுதி வைத்திருக்கும் எண்ணைக் கூப்பிட்டு, குடியிருக்கும் பகுதியைச் சொன்னால் பக்கத்தில் எங்கே என்று சொல்வார்களாம். பெயர் கேட்கமாட்டார்கள்.

வீட்டிலிருந்து கூப்பிடாதே.

இந்த மாதக் கடைசிவரை பொறுக்கிறேன். அதற்குமேல் உன்னைக் கேட்கமாட்டேன், நேராகப் பள்ளிக்குத்தான் பேசுவேன். அதுவரை நீ அந்த வேனில் ஏறாதே. பேருந்தில் போ.

அக்கா


செப்டம்பர் 11, வியாழன் இரவு

அக்கா,

பேருந்தில் போ என்று எழுதுவது சுலபம். நான் ஏறாவிட்டால் முன்னிருக்கையில் யார் உட்காருவார்கள்? சிவப்பு விளக்கு வருது அப்பா, சைக்கிள் வருது அப்பா என்று யார் சொல்வார்கள்? ஒரு நாள்கூட என்னால் முடியாது. பின்னால் இருக்கும் பிள்ளைகள் பேசாமல் இருந்தால்கூட எனக்குத் திக்கென்கிறது.

அந்த எண்ணைச் சலவைக் கடையிலிருந்து கூப்பிட்டேன். கடைக்கார அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டார், ஆனால் காது உள்ளேதான் இருந்தது. அதனால் நான் முழுதாக ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. மறுமுனையில் ஒரு அம்மா. குரல் ரொம்ப நிதானம். "பக்கத்துல ஆள் இருக்காங்களா? சரி, நான் கேக்கறேன், நீ ஆமா இல்லன்னு மட்டும் சொல்லு" என்றார். இப்படி ஊமைபோல் பேசுகிற பிள்ளைகள் அவருக்குப் புதிதில்லை போல.

இடம் எங்கே தெரியுமா? கடைத்தெருவில் சைக்கிள் கடைக்கு மேல்மாடி. நாம் எத்தனை முறை அந்த வழியாகப் போயிருப்போம்! பெயர்ப்பலகை வைக்கமாட்டார்களாம். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம். மாடிப்படி விளக்கு எரிந்தால் கூட்டம் உண்டு, எரியாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் அடையாளம் என்றார்.

இன்றைக்கே போனேன். அம்மாவிடம் சிறப்பு வகுப்பு என்றேன். அந்தக் கட்டடத்துக்கு இரண்டு பக்கமும் படி இருக்கிறது அக்கா, இரண்டிலும் விளக்கு எரிந்தது. நான் ஏறிய படி சதுரங்க வகுப்பில் போய் முடிந்தது. ஆசிரியர் என்னைப் பார்த்ததும், "லேட்டு. உக்காரு" என்றார். எதைத் தேடி வந்தேன் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்துவிட்டேன். எதிரில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி. என் ராணியை ஐந்தாவது நகர்த்தலில் தூக்கிவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தாள். வகுப்பு முடிந்து ஓடிவந்து பார்த்தால் எதிர்ப்பக்கப் படியில் விளக்கு அணைந்திருந்தது.

திரும்பி வரும்போது சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. இன்று காலையும் அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். முழுதாக இல்லை, அப்பா காலையில் ஒரு மாதிரி இருக்கிறார் என்று மட்டும். மாவு ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டே, "ராத்திரி தூக்கம் பத்தல, களைப்பு" என்றாள். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடவில்லை. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை


செப்டம்பர் 15, திங்கள்

வாலு,

சுருக்கமாக எழுதுகிறேன், மேசை முன்னால் நோயாளிகள் நெரிசல்.

மறுபடி போ. சரியான படியில் ஏறு. அங்கே யாராவது பெரியவரிடம் உண்மையை அப்படியே சொல். ஒன்றையும் ஒளிக்காதே. இதை லிஃப்ட்காரர் இரண்டுமுறை சொல்லச் சொன்னார். அவர்கள் கேட்டு அதிர்ச்சி அடையமாட்டார்களாம். நீ சொல்லப்போவதைவிட மோசமானதை அவர்களே செய்திருப்பார்களாம்.

முன்னிருக்கையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை. நீ இருப்பதால்தான் அவர் துணிந்து ஓட்டுகிறார், இதை யோசித்தாயா? அங்கே இருந்தபோது ராத்திரி பாட்டில் விழுந்து உடையாமல் நான் எடுத்து வைப்பேன், சட்டையில் கொட்டியதைத் துவைப்பேன். என்னால்தான் வீடு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு நின்றது, அவர் குடிப்பதும் நிற்காமல் நடந்தது.

இந்த மாதக் கடைசி என்று சொன்னது நினைவிருக்கட்டும்.

அக்கா


செப்டம்பர் 18, வியாழன் இரவு

அக்கா,

சரியான படியில் ஏறினேன். முழுதாகச் சொல்கிறேன், ஆனால் முடிவைப் படித்துவிட்டு என்னைத் திட்டாதே.

மேலே ஒரு கதவு. உள்ளே பேச்சுச் சத்தம், நடுநடுவே சிரிப்பு. அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் போனேன், அவர்கள் சிரிக்கிறார்கள். தட்டினேன். ஒரு பெரிய ஆள் வந்தார். ஜன்னல்களுக்குக் கண்ணாடி பதிக்கிறவராம், அதே கடைத்தெருவில் கடை வைத்திருக்கிறாராம், கையெல்லாம் பழைய வெட்டுத் தழும்புகள். நான் உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் கதவைத் தனக்குப் பின்னால் சாத்திவிட்டார். இது மூடிய கூட்டம், குடியை விட நினைக்கிறவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம், வெளியாள் யாரும் அவர்கள் முகத்தைப் பார்க்கக்கூடாது, அதுதான் இங்கே வழக்கம் என்றார். வீட்டாருக்கு வேறு கூட்டம், வேறு நாளில் இருக்கிறதாம். பிறகு படியில் எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் எங்கள் முகம் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தது.

அப்பா குடிக்கிறார், நீங்கள் வந்து கூட்டிப்போங்கள் என்றேன்.

"நாங்க யாரையும் போய்க் கூட்டிட்டு வர்றதில்லம்மா. அவரா வரணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு தீப்பிடித்தால் வீடுதான் எழுந்து தீயணைப்பு வண்டியிடம் வரவேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி, எனக்கும் பதில் தெரியாது, ஆனால் பிறர் இழுத்து வந்த யாரும் இங்கே நிலைத்ததில்லை என்றார்.

பிறகு அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்.

அக்கா, நீ எழுதியதெல்லாம் மனதில்தான் இருந்தது. ஆனால் நான் அணிந்திருந்தது பள்ளிச் சீருடை. பள்ளி வேன் என்றால் எந்தப் பள்ளி என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிடும். கடையில் கணக்கு எழுதுகிறார் என்று சொல்லிவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். அப்போது உள்ளேயிருந்து வயதான டீச்சரம்மா ஒருவர் வெளியே வந்தார். கூட்டம் முடியும் நேரத்தில் இருந்த பேருந்தை நிறுத்திவிட்டார்கள், இனி எப்படி வீட்டுக்குப் போவது என்று கண்ணாடிக்காரரிடம் புலம்பினார். அவரைப்போல் இன்னும் ஏழு பேர் அந்தப் பக்கம் போகிறவர்களாம். சாயங்கால வாடகைக்கு ஏதாவது வண்டி கிடைக்குமா என்று பேசிக்கொண்டார்கள். எனக்குள் ஏதோ எழுந்து குதித்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் வேன் வைத்திருக்கிறார், சாயங்காலம் வாடகைக்கு வருவார் என்று அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிட்டேன். என் அப்பா என்று சொல்லவில்லை.

வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும். என்ன அங்கே என்று நினைப்பார். அவருக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும், உனக்கே தெரியும். ஒரு நாள் தானாகப் படி ஏறிவிடுவார். இழுக்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

செவ்வாய்க்கு வேறு வண்டி பேசிவிட்டார்களாம், அடுத்த வியாழன்தான் முதல் சவாரி. இப்போதுதான் கண்ணாடிக்காரர் கூப்பிட்டார், அப்பா சம்மதித்துவிட்டார். யாரோ பஜனைக்காரர்கள்போல என்று அம்மாவிடம் சொல்கிறார். நல்ல திட்டம்தானே அக்கா? நல்ல திட்டம் என்று எழுது.

தங்கை


செப்டம்பர் 22, திங்கள்

வாலு,

நல்ல திட்டம் இல்லை.

அவர் சாயங்காலம் எந்த நிலையில் இருப்பார் என்று உனக்குத் தெரியாதா? காலையில் டம்ளர் என்றால் சாயங்காலம் என்ன? காலையில் பதினாறு குழந்தைகள் போதாது என்று இப்போது எட்டுப் பெரியவர்களையும் அதே வண்டியில் ஏற்றப்போகிறாய். அவர்களுக்குத் தெரியாமல். எத்தனையோ பாடுபட்டுக் குடியை விட்டு உட்கார்ந்திருப்பவர்கள், கடைசியில் குடித்தவன் ஓட்டுகிற வண்டியில் போய்ச் சாகவா?

லிஃப்ட்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்டை நடுமாடியில் நிறுத்திவிட்டார்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் ஓடு. வியாழனுக்குள் அந்தக் கண்ணாடிக்காரரைப் பார்த்து, அது என் அப்பா, அவர் குடித்துவிட்டு ஓட்டுகிறவர் என்று சொல். சீருடையோடு போனாலும் பரவாயில்லை.

மாதக் கடைசிவரை இனிக் காத்திருக்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை காலை பள்ளி அலுவலகம் திறந்ததும் பேசப்போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், மறைத்துச் செய்யவில்லை. எனக்கும் ஆசையா இது? நான் பேசினால் அந்த வீட்டுக் கதவு எனக்கு அடியோடு சாத்திவிடும். இப்போது ஏதோ கொஞ்சம் திறந்திருக்கிறது, அம்மா அலமாரித் தாளுக்கு அடியில் வைத்திருக்கிற அளவுக்கு. அதுவும் போகும்.

உன்மேல் கோபம் இல்லை. உன் வயதில் எனக்கும் இப்படித்தான் தோன்றியிருக்கும். ஓடு.

அக்கா


செப்டம்பர் 25, வியாழன் இரவு

அக்கா,

உன் கடிதம் இன்று மத்தியானம்தான் சீருடை மடிப்பிலிருந்து விழுந்தது. கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது, எங்கேயோ ஜன்னல் பதிக்கப் போயிருக்கிறாராம். அந்த எண்ணைக் கூப்பிடலாம் என்று சலவைக் கடைக்குப் போனால் அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் நானும் வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வா என்றார். சாயங்காலம் அவருக்குத் துணைக்கு ஆள் இருந்தால் பிடிக்கும். வழியெல்லாம் பழைய கதை ஒன்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கால் தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

நிறுத்தியபோது அவர்கள் கூட்டம் முடிந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் முதலில் வந்தார். ஓட்டுநர் ஜன்னலில் குனிந்து வணக்கம் சொன்னவர், அப்படியே நின்றுவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை அக்கா. அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. வெளியே ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார்கள், அதுவும் அவர்கள் வழக்கமாம். அப்போது எனக்கு அது தெரியாது. இவரும் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

வீட்டில் மூன்று பேரும் இத்தனை வருஷம் இந்த வாடையை மறைக்க என்ன பாடுபட்டிருப்போம். பெப்பர்மின்ட், ஊதுவத்தி, திறந்த ஜன்னல். அவர்களுக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது. கண்ணாடிக்காரர் பின்னால் திரும்பித் தலையை மட்டும் அசைத்தார். கதவுப் பிடியில் கை வைத்திருந்த டீச்சரம்மா கையை எடுத்துவிட்டார். எட்டுப் பேரும் நடைபாதையில் வரிசையாக நின்றார்கள், யாரும் ஏறவில்லை.

அப்பா, "என்ன, ஏறலையா?" என்றார்.

"நாங்க நடந்து போய்க்கறோம்," என்றார் டீச்சரம்மா. "நீங்களும் இப்ப ஓட்ட வேண்டாம் தம்பி."

"ஏன், எனக்கென்ன? நான் குடிக்கல."

எட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். கேலிச் சிரிப்பில்லை அக்கா, எப்படிச் சொல்வது, தன் வீட்டுப் பிள்ளையின் பொய்யைக் கேட்டுச் சிரிப்பார்களே, அந்த மாதிரி. ஒருவர், "இதையே சொல்லித்தான் நான் மூணு வேலைய விட்டேன்" என்றார். இன்னொருவர், "நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே சொன்னேன்" என்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டு நாம் அழுதிருக்கிறோம், கத்தியிருக்கிறோம், அம்மா நம்பியதுபோல் நடித்திருக்கிறாள். யாரும் சிரித்ததில்லை.

பிறகு அவருக்குக் கோபம் வந்தது. வண்டியைக் கிளப்பினார். கண்ணாடிக்காரர் போய் வண்டிக்கு முன்னால் நின்றார். இரண்டு கையையும் தொங்கவிட்டபடி, பேருந்துக்குக் காத்திருப்பவர்போல. அப்பா ஹாரன் அடித்தார். அவர் நகரவில்லை.

அப்போது நான் இறங்கினேன்.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அந்த இருக்கையை விட்டு நான் எழுந்தால் ஏதோ ஆகிவிடும் என்றுதானே இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து இறங்கி நடைபாதையில் டீச்சரம்மா பக்கத்தில் நின்றேன். "அப்பா, நான் இந்த வண்டியில வரல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டது.

வெகுநேரம் என்னையே பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அணைத்தார்.

கண்ணாடிக்காரர் என் பக்கத்தில் வந்து யாருக்கும் கேட்காமல், "கணக்கு எழுதறவரா?" என்றார். எனக்கு அழுகை வந்தது. "சரி சரி" என்றார்.

வேனைச் சைக்கிள் கடை வாசலிலேயே விட்டுவிட்டு நாங்கள் மூவரும் நடந்தோம். டீச்சரம்மாவை யாரோ ஒருவர் ஸ்கூட்டரில் ஏற்றிப் போனார். வழியில் கண்ணாடிக்காரர் அப்பாவுக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டு வந்தார். எங்கள் தெரு முனையில் மட்டும் நின்று, "செவ்வாய், வியாழன். அதே மாடி. டீ குடுப்போம், நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்பா படியேறும்போது கேட்டார்: "இவங்களுக்கு என் நம்பரை யாரு குடுத்தா?"

நான்தான் என்றேன். அடிப்பாரோ என்று ஒரு நொடி தோன்றியது. அவர் ஒருநாளும் அடித்ததில்லை, ஆனாலும் தோன்றியது. அவர் மேலே ஏறிப் போய்விட்டார்.

இப்போது சமையலறையில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா இரண்டுமுறை எழுந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சாவி அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. விடியற்காலையில் போய் வண்டியை எடுத்து வந்துவிடுவாரோ, ஒன்றுமே நடக்காததுபோல் டம்ளரை ஊதுவாரோ, எனக்குத் தெரியவில்லை. நாளைக் காலை நீ பள்ளிக்குப் பேசப்போகிறாய். பேசாதே என்று எழுத நினைத்தேன், ஆனால் இது கையில் கிடைக்குமுன் நீ பேசிவிட்டிருப்பாய். அதுவுமில்லாமல், பேசாதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஓட்டைப்பல் நாளைக்கும் தன் வாசலில் பையை மாட்டிக்கொண்டு நிற்பாள்.

நாளைக்கு நான் அந்த வேனில் ஏறப்போவதில்லை. அவளையும் ஏறவிடமாட்டேன். விடிந்ததும் அவள் வீட்டு வாசலில் போய் நிற்கப்போகிறேன். அங்கே என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

சமையலறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

தங்கை


செப்டம்பர் 26, வெள்ளி

வாலு,

உன் கடைசிக் கடிதம் இன்னும் வரவில்லை. நேற்று சாயங்காலம் என்ன நடந்தது, நீ அந்த மனிதரைப் பார்த்தாயா இல்லையா, எதுவும் எனக்குத் தெரியாது. இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

காலையில் பள்ளிக்குப் பேசினேன். சொல்லவேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன், இல்லாவிட்டால் நடுவில் மனம் மாறிவிடும். அலுவலகக் குமாஸ்தா எடுத்தார். பள்ளி வேன் ஓட்டுநரைப் பற்றி ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை. "அதான் அவரே விடியக்காலம் என் செல்லுக்குப் பேசிட்டாரேம்மா, வேற வண்டி ஏற்பாடு பண்ணியாச்சு, உங்க குழந்தை எந்த ஸ்டாப்?" என்றார். ஏதோ ஒரு பிள்ளையின் தாய் என்று நினைத்துக்கொண்டார்.

எனக்குப் புரியவில்லை. அவரே என்ன சொன்னார் என்று கேட்டேன்.

குமாஸ்தாவுக்கு இன்னும் அந்த வியப்பு போகவில்லை, அதனால் அப்படியே சொன்னார். வண்டி இன்றைக்கு வராது என்றாராம் அப்பா. வண்டிக்கு என்ன பழுது என்று இவர் கேட்டிருக்கிறார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஓட்டற ஆளு சரியில்ல. வேற ஆளப் போடுங்க" என்றாராம். ஓட்டுகிற ஆள் நீங்கள்தானே என்று இவர் கேட்டதற்கு, அவனைத்தான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாராம்.

கையில் இருந்த தாளை என்ன செய்வதென்று தெரியவில்லை வாலு. ஒரு வரிகூடப் படிக்க இடமில்லாமல் போய்விட்டது. போனை வைக்கவும் முடியவில்லை. குமாஸ்தா, "நீங்க யாரு பேசறது?" என்றார்.

இந்த ஊரில் நான் யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொல்லிக்கொண்டதில்லை. அவர் என்னை மகளே இல்லை என்று சொன்ன பிறகு, படிவத்தில் தகப்பன் பெயர் எழுதும் இடம் வந்தால்கூட எனக்குப் பேனா நின்றுபோகும்.

"அவர் மூத்த பொண்ணு" என்றேன்.

"அப்படியா. நல்ல மனுஷன்மா. உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

சரி, சொல்றேன் என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது, ஆனால் சொன்னது சொன்னதுதான். திங்களும் செவ்வாயும் விடுப்பு கேட்டிருக்கிறேன். அவர் கதவைத் திறப்பாரா, என்னைப் பார்த்ததும் அறைக்குள் போய்விடுவாரா, எனக்குத் தெரியாது. உள்ளே விடாவிட்டாலும் வாசலில் நின்று, பள்ளிக் குமாஸ்தா உடம்பைப் பாத்துக்கச் சொன்னாருப்பா என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

அக்கா